குடியை விட்ட கூலியாள் மத்தேயு டால்பட்



வீடு சந்திக்கப் போகும் நாட்களில், நம் புதூரிலானாலும் கிராப்பட்டிப் பக்கமானாலும், சில வீடுகளில் கதவைத் தட்டியதும் உள்ளே ஒரு நிசப்தம் உண்டாகிறது. வந்திருப்பது கடன்காரனோ, போலீசோ, வீட்டுக்காரர் ரோட்டோரம் விழுந்து கிடக்கிறார் என்று சொல்ல வந்த ஆளோ என்று அந்த வீட்டம்மாள் ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். வந்தது சாமியார் என்று தெரிந்த பிறகுதான் முகம் தெளிகிறது. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, புறப்படும்போது வாசற்படிவரை கூடவே வந்து மெள்ள ஒரு விண்ணப்பம் வைப்பாள். சாமியார் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார் என்பதே அது. நானும் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்டவர்கள் உண்டு; என்னைக் கண்டதும் சந்து மாறிப் போனவர்கள் அதைவிட அதிகம். ஆதலால் இந்த வாரம் சாமியாரின் வார்த்தையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு குடிகாரனுக்கு அவனுடைய தாய் சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதத் துணிந்தேன். அந்தக் குடிகாரனைத் திருச்சபை இன்று வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது.

அயர்லாந்து தேசத்தின் டப்ளின் நகரில், 1856-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி மத்தேயு டால்பட் பிறந்தார். தகப்பன் பெயர் சார்லஸ், தாய் பெயர் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். அந்தத் தேசத்தில் 1838 முதல் தேயொபால்ட் மத்தேயு என்னும் கப்புச்சின் சபைக் குருவானவர் ஊர் ஊராகச் சென்று மதுவிலக்கு வார்த்தைப்பாடு கொடுத்து வந்தார். இலட்சக்கணக்கானோர் அவர் முன் முழங்காலில் நின்று குடியை விட்டார்கள். பிறகு பெரும் பஞ்சம் வந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவர்களில் பலர் செத்தார்கள், பலர் கப்பலேறினார்கள், மிஞ்சியவர்களில் பலர் மறுபடி குடித்தார்கள். அந்தக் குருவானவர் இறந்ததும் 1856-ம் ஆண்டின் டிசம்பரிலேதான்.

சார்லஸ் டால்பட் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நம் பக்கத்தில் பொன்மலை ஒர்க்‌ஷாப் வேலை எப்படியோ, அந்த நகரத்தில் துறைமுக வேலை அப்படி. ஆனால் அவர் குடிப்பார். டப்ளின் வடபுறத்தின் ஏழைத் தெருக்களில் அந்தக் குடும்பம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தது. ஆண்பிள்ளைகளில் மூத்தவரான யோவான் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் தகப்பன் வழியிலேயே போனார்கள். இதைப் படிக்கிற தகப்பன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். குடி இரத்தத்தில் வருகிறதா, பார்த்துப் பழகுவதால் வருகிறதா என்று வைத்தியர்கள் இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே சொல்லுகிறார்கள். எப்படியானாலும் பிள்ளை முதன்முதலில் பார்க்கும் புட்டி பெரும்பாலும் வீட்டுப் புட்டிதான்.

மத்தேயு பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருக்கவில்லை. தட்டுத்தடுமாறி வாசிக்கத் தெரிந்த மட்டில், 12 வயதில் ஒரு மது வியாபாரியின் கிடங்கில் எடுபிடியாகச் சேர்ந்தார். பீரைப் புட்டிகளில் அடைத்து அனுப்பும் இடம் அது. திரும்பி வரும் புட்டிகளின் அடியில் மிஞ்சிக் கிடப்பதைப் பையன்கள் குடிப்பார்கள். இவரும் குடித்தார். சிறிது காலத்துக்குள் ஒருநாள் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். தகப்பன் செம்மையாக அடித்தார். அந்த வேலையை விட்டு நீக்கித் தம் கண்முன்னே இருக்கட்டுமென்று துறைமுகத்தில் தம்முடன் வேலைக்குச் சேர்த்தார். அங்கே பீருக்குப் பதிலாக விஸ்கி கிடைத்தது! தானும் குடிக்கிற தகப்பன் பிரம்பை எடுத்தால் அந்தப் பிரம்புக்கு எவ்வளவு பலம் இருக்குமோ அவ்வளவே இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, தம்மால் தகப்பனுக்கு அவமானம் வருகிறதென்று மத்தேயு அந்த வேலையை விட்டுவிட்டு, கொத்தனாருக்குக் கையாளாகச் செங்கல்லும் சாந்தும் சுமக்கப் போனார்.

வேலையில் கெட்டிக்காரர். சோம்பல் கிடையாது. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குடிகாரன் என்றாலே வேலைக்கள்ளன் என்று நாம் நினைக்கிறோம். நம் பங்கிலும் விடியற்காலையில் முதல் ஆளாகச் சித்தாள் வேலைக்குப் போய் இருட்டும்வரை பாடுபட்டு, இருட்டிய பின் அந்தக் கூலி முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வருகிறவர்களை நான் அறிவேன். மத்தேயு சனிக்கிழமை வாங்கும் கூலியைச் சாராயக் கடையிலே வைத்துவிடுவார்; தீர்ந்தபின் கடன். கடனும் கிடைக்காதபோது சட்டையையும் காலணியையும் அடகு வைத்துக் குடித்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்ததும் உண்டு. தாய்க்குக் கொடுப்பது ஏதோ சில்லறை, பல வாரங்களில் அதுவும் இல்லை. ஒருமுறை அவரும் தோழர்களும் தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஏழை ஒருவனுடைய பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்கள். அந்தப் பிடிலைப் பற்றிப் பிறகு வரும்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. பாவசங்கீர்த்தனமும் இல்லை, நன்மை வாங்குவதும் இல்லை. ஆனால் பூசையில் நிற்பார். கோவிலின் பின்புறத் தூணோரம் நின்று, நன்மை கொடுக்கும் வேளையில் வெளியே போய்விடும் ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மத்தேயு டால்பட்டின் ஞாபகம் வருகிறது. அவர்கள் வராமல் இருக்கவில்லையே என்று பீடத்திலிருந்து நினைத்துக்கொள்ளுவேன்.

இப்படி 16 ஆண்டுகள் கழிந்தன.

1884-ம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் முழுவதும் மத்தேயுவுக்கு வேலையில்லை, கையில் காசில்லை. வழக்கமாகக் குடிக்கும் கடைக்குப் போகும் தெருமுனையில் கூலி வாங்கி வரும் தோழர்களுக்காகத் தம் சகோதரரோடு காத்து நின்றார். தம்மிடம் காசு இருந்த நாட்களில் அவர்கள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நலம் விசாரித்தார்கள், கடந்து போனார்கள். ஒருவரும் உள்ளே வா என்று அழைக்கவில்லை. அது அவருக்கு நெஞ்சிலே தைத்தது. சட்டென்று திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானத்தில், தெளிந்த கண்ணோடு, நிதானமான காலோடு மகன் வந்து நிற்பதைக் கண்டு தாய்க்கு ஆச்சரியம். சாப்பாடு ஆக்கிக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று துருவிக் கேட்கவில்லை. சாப்பிட்ட பிற்பாடு மகன் தான் குடியை விட்டுவிட வார்த்தைப்பாடு கொடுக்கப் போவதாகச் சொன்னார். இந்த இடத்தில் நம் வீட்டுத் தாய்மாராயிருந்தால் என்ன செய்திருப்போம்? பெரும்பாலானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, அழுது, பக்கத்து வீட்டுக்கும் சொல்லி, அப்போதே அவனைப் பீடத்தின் முன் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இன்னும் சிலர், இதை எத்தனை முறை கேட்டாயிற்று என்று ஏளனமாகச் சிரித்திருப்பார்கள். எலிசபெத் டால்பட் இரண்டும் செய்யவில்லை. சர்வேசுரனின் பேரால் போ, ஆனால் காப்பாற்றும் எண்ணம் இல்லையென்றால் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுக்காதே என்ற கருத்தில் பேசினாள். அவர் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது, அதைக் காப்பாற்றும் பலத்தைச் சர்வேசுரன் உனக்குத் தருவாராக என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, இந்த வார்த்தையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 16 ஆண்டு ஏமாந்த தாய் அவள். கணவனாலும் ஏமாந்தவள், மற்ற மக்களாலும் ஏமாந்தவள். ஆனாலும் மகன் குடியை விடுவதைவிடப் பொய்ச் சத்தியம் செய்யாமல் இருப்பதையே முதலாவதாக வைத்தாள். நம்மிடையே நடப்பது நேர்மாறு. குழந்தை தலைமேல் கையடித்துச் சத்தியம் வாங்குகிறோம். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குகிறோம். கல்லறைத் தோட்டத்தில் தகப்பன் சமாதிமேல் சத்தியம் வாங்குகிறோம். அவனும் அந்த நேரத்து அழுகையை நிறுத்துவதற்காகச் செய்து கொடுக்கிறான். மூன்றாம் நாள் மீறுகிறான். அதன்பின் அவன் குடிகாரன் மட்டுமல்ல, பிள்ளைமேல் செய்த சத்தியத்தை மீறியவன் என்ற இன்னொரு வெட்கமும் சேர்ந்து, அந்த வெட்கத்தை மறக்க இன்னும் அதிகமாகக் குடிக்கிறான். பிடுங்கி வாங்கின சத்தியம் அவனுடையதே அல்ல. எலிசபெத்தின் வார்த்தை அந்த முடிவை மகனுடைய கையிலேயே விட்டது. பாரத்தையும் மறைக்காமல் சொல்லிற்று.

ஊதாரிப்பிள்ளையின் உவமையில் தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் கதையில் தகப்பனைப் பற்றிப் பேச்சில்லை. அவர் அந்தச் சனிக்கிழமை எங்கே இருந்தாரோ!

மத்தேயு முகம் கழுவிக்கொண்டு, நேராக டப்ளின் மேற்றிராசனக் குருமடத்துக்குப் போனார். அங்கே ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் வார்த்தைப்பாடு கொடுத்தார். மறுநாள் ஞாயிறன்று, மூன்று ஆண்டுகளுக்குப் பின் முதல் தடவையாகத் திவ்விய நன்மை வாங்கினார். ஆயுள் முழுவதற்கும் என்று ஆரம்பத்திலே அவர் சொல்லவில்லை; அவ்வளவு நம்பிக்கை தம்மேல் இல்லை. மூன்று மாதம் முடிந்தபின் நீட்டினார், பின்னும் நீட்டினார், கடைசியாகவே ஆயுளுக்கும் என்று முடித்தார். நம் பங்கிலும் மூன்று மாதக்காரர் அல்லது நாற்பது நாட்காரர் உண்டு. தபசு காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடமாட்டார்கள். உயிர்த்த ஞாயிறு பூசை முடிவதற்குள் கால் தானாகக் கடைப் பக்கம் போகும். நாற்பது நாள் இருக்க முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாளும் இருக்க முடியும் என்று அன்று வீட்டில் யாராவது சாந்தமாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வீட்டிலேயே கறிச்சோற்றோடு புட்டியும் வைக்கிறார்கள், பாவம் நாற்பது நாள் இருந்தாரே என்று.

அந்த மூன்று மாதமும் மத்தேயுவுக்கு நரகமாயிருந்தன. ஒருநாள் மனம் தளர்ந்து, ஒரு சாராயக் கடைக்குள் நுழைந்தே விட்டார். கடையில் கூட்டம். பரிமாறுகிறவன் இவரைக் கவனிக்கவில்லை. வெகுநேரம் நின்று பார்த்து, கோபத்தோடு வெளியேறி, சேசுசபைக் கோவிலுக்குள் போய்க் கதவு சாத்தும் மட்டும் அங்கேயே இருந்தார். அன்று முதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று ஒரு விதி ஏற்படுத்திக்கொண்டார். சாயங்காலம் வேலை விட்டதும் மற்றவர்கள் கடைக்குப் போகும் நேரத்துக்கு அவர் கோவிலுக்குப் போனார். காலையில் வேலைக்குமுன் பூசை. குடியை விட்டவனுக்குச் சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரையுள்ள நேரம் எவ்வளவு நீளமானதென்பது விட்டவர்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் எங்கே உட்காருவது, யாரோடு பேசுவது என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இருக்கவேண்டும்.

மத்தேயுவின் வீட்டில் பதில் இல்லை. சகோதரர்கள் அதே வீட்டில் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. ஆகவே அவர் அந்த வீட்டைவிட்டுத் தனியே ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். இதை வாசிக்கும் சிலருக்கு இது கடினமாகத் தோன்றும். குடும்பமே மருந்து என்று சொல்லிவிட்டு, குடும்பத்தைவிட்டுப் போனார் என்கிறீரே என்று கேட்பீர்கள். ஆம், குடும்பம் மருந்தாகவும் இருக்கும், நோயாகவும் இருக்கும். ஒருவர் விட்டுவிட்ட வீட்டில் மற்றவர்கள் அவர் கண்முன்னே குடித்தால், விருந்துக்கு ஒரு வாய் என்று மைத்துனர் ஊற்றிக் கொடுத்தால், அந்த வீடு அவருக்குச் சாராயக் கடையேதான். மகன் விட்டிருக்கும்போது தகப்பனும் விடவேண்டும். அல்லது குறைந்த பட்சம் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கவேண்டும்.

இங்கே வைத்தியரின் பேச்சு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்தேயு ஒரே நாளில் நிறுத்தினார், பிழைத்துக்கொண்டார். பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றுதல் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. ஆகையால் விடுவதாக ஒருவர் சொன்னதும் கோவிலுக்கு வருவதோடு ஆஸ்பத்திரி மனநல வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள். அது விசுவாசக் குறைவல்ல. அன்றியும், குடியை மறக்கச் செய்யும் மாத்திரை என்று வாங்கி, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அம்மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் மூச்சுமுட்டி இருதயம் படபடத்துச் சாகவும் கூடும். வைத்தியர் சொல்லாமலும், சாப்பிடுகிறவர் சம்மதிக்காமலும் ஒருக்காலும் கொடுக்கலாகாது.

தாய் நல்லவளாயிருந்தால் மகன் திரும்பியே தீருவான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மகாத்மா காந்தியின் மூத்த குமாரர் ஹரிலாலின் கதையை நம்மில் பலர் அறிந்திருப்போம். 1918-ல் மனைவி குலாப் இறந்தபின் அவருடைய குடி கட்டுக்கடங்காமல் போயிற்று. மதுவிலக்கைத் தேசத்துக்கே உபதேசித்த தகப்பனார். பொறுமையே உருவான தாயார். 1944 பிப்ரவரியில், கஸ்தூரிபாய் பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறைவாசத்தில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த மகன் குடித்திருந்தார். தாய் அதைக் கண்டு துடித்துப்போனாள். சில நாட்களில் கண்ணை மூடினாள். தகப்பனார் சுடப்பட்டு இறந்த ஐந்தாம் மாதத்தில், 1948 ஜூனில், ஹரிலாலும் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்காகக் கஸ்தூரிபாயின் தாய்மையில் குறை சொல்ல யாருக்கு நா எழும்? மத்தேயுவின் தாய்க்கும் பல மக்கள் இருந்தார்கள். அதே அடுப்பு, அதே சாப்பாடு, அதே கண்ணீர். திரும்பியவர் இவர் ஒருவர். என் கணவர் விடவில்லையே, அப்படியானால் என் செபத்தில்தான் குறையா என்று கேட்டு அழும் சகோதரிகளுக்காகவே இதை எழுதினேன்.

குடிகாரரின் மனைவிமார் தாங்களும் வியாதிப்பட்டவர்களே என்பதை உலகம் கண்டுகொள்ள வெகுகாலமாயிற்று. 1935-ல் அமெரிக்காவில் குடியை விட்டவர்கள் சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டத்தை ஆரம்பித்தார்கள். கணவன்மார் உள்ளே கூடிப் பேசும்போது வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள்ளே பேசத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1951-ல் அல்-அனான் என்ற குடும்பத்தார் கூட்டம் உண்டாயிற்று. நம் தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், இளவயதிலேயே குடியினால் கணவரைப் பறிகொடுத்தவர்; அவர் பேராலேயே 1980-ல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்லுவார்கள். குடித்தவரோடு அவர் வீட்டாரும் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. கடனை ஒளிவாக அடைப்பதும், ஜுரம் என்று முதலாளிக்குப் பொய் சொல்லி லீவு வாங்குவதும், வாந்தியைத் துடைத்துவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் காப்பி கொடுப்பதும் அன்பினால் செய்பவைதாம். ஆனால் குடிக்கிறவர் தாம் செய்ததைத் தாமே காணாதபடி அவை திரை போட்டுவிடுகின்றன. எலிசபெத் இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை.

குடியை விட்டபின் மத்தேயு செய்த முதல் வேலைகளில் ஒன்று கடன் அடைத்தது. கடை கடையாகப் போய்த் தாம் குடித்த பாக்கியைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார். பிடில்காரனைத் தேடினார். தெருத் தெருவாய், அநாதை ஏழைகள் ஒதுங்கும் விடுதிகளிலெல்லாம் தேடினார். ஆண்டுகள் தேடியும் அகப்படவில்லை. செத்துப்போயிருப்பான் என்று எண்ணி, பிடிலின் விலையை அவன் ஆத்துமத்துக்காகப் பூசைக்குக் கொடுத்தார்.

வாசிப்பும் அப்போதுதான் உண்மையில் ஆரம்பமாயிற்று. கல் சுமக்கும் கைகளில் ஞானப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். அர்ச். அகுஸ்தீனாரின் சுயசரிதை அவருடைய அறையில் இருந்த புத்தகங்களில் ஒன்று. அதில் ஒரு சங்கதி உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. அர்ச். மோனிக்கம்மாள் சிறுமியாயிருக்கையில் பீப்பாயிலிருந்து திராட்ச ரசம் மொண்டுவரும்போது ஒவ்வொரு வாயாகக் குடித்துப் பழகி, அது முற்றிக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கத் தொடங்கிவிட்டாளாம். வீட்டு வேலைக்காரி ஒருத்தி ஒருநாள் சண்டையில் அதைச் சொல்லிக் குத்திக்காட்ட, வெட்கித் தலைகுனிந்து அன்றோடு விட்டாளாம். மகனுக்காக அத்தனை வருஷம் அழுத தாய்க்கே இப்படியொரு பழங்கதை இருந்தது. சரி, அது ஒருபுறமிருக்கட்டும்.

1890-ல் மத்தேயு அர்ச். பிராஞ்சீஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பின்னர் ஒரு மரக்கடையில் கூலியாளாகி, சாகுமட்டும் கூலியாளாகவே இருந்தார். உண்டது கொஞ்சம், கொடுத்தது அதிகம். மரப்பலகையில் படுத்து, மரக்கட்டையைத் தலைக்கு வைத்து, இரவு 2 மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பார். இந்தத் தபசையெல்லாம் நீங்களும் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆன்ம குருவின் யோசனையில்லாமல் செய்யவும் கூடாது. இதை நாம் அறிவது எப்படி என்பதே இங்கே முக்கியம். கண்டு சொன்னவர் அவருடைய தாய்.

ஆம், தாய் மறுபடி கதைக்குள் வருகிறாள். 1899-ல் சார்லஸ் டால்பட் இறந்தார். விதவையான எலிசபெத்தை மத்தேயு தம்மோடு சேர்த்துக்கொண்டார். குடிகார மகனுக்காகச் சனிக்கிழமை தோறும் காத்திருந்தவள், இப்போது சனிக்கிழமை தோறும் கூலியை முழுசாகக் கையில் வாங்கினாள். இரவில் விழித்துக்கொண்டு பார்த்தால், சின்ன அறையின் மறுபுறத்தில் மகன் கைகளை விரித்துச் செபித்துக்கொண்டிருப்பது தெரியும். அவள் பார்ப்பது அவருக்குத் தெரியாது. 1915-ல் அவள் இறக்கும் வரையில் அப்படி ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். குடியிலே போன 16 ஆண்டுகளுக்கு ஈடாக ஏறக்குறைய அத்தனை ஆண்டுகளையே சர்வேசுரன் அந்தத் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தார் என்று கணக்குப் பார்க்க எனக்கு ஆசையாயிருக்கிறது.

தாய்க்குப் பின் அவர் தனிக்கட்டை. மணமாகிப்போன சகோதரிகள் வந்து அறையைப் பெருக்கி, ஏதாவது சமைத்து வைத்துப் போவார்கள். 1923-ல் இருதய வியாதி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து நடமாடினார், பழையபடி பூசைக்குப் போனார். 1925-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, தமதிரித்துவ ஞாயிறு. ஒரு பூசை கண்டு, இன்னொரு பூசைக்காகச் சாமிநாதர் சபைக் கோவிலுக்குப் போகும் வழியில், கிரான்பி சந்து என்னும் சிறு தெருவில் விழுந்து உயிர் விட்டார். வயது 69. குடித்த காலத்தில் எத்தனையோ தெருவில் விழுந்தவர். அன்று விழுந்தபோது 40 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு துளியும் தொட்டிருக்கவில்லை.

பிறகு நடந்தவை அநேகருக்குத் தெரியும். ஜோசப் கிளின் என்பவர் எழுதிய சிறு சரித்திரத்தின் மூலம் அவருடைய பெயர் பல தேசங்களுக்கும் பரவிற்று. 1972-ல் அவருடைய உடல் டப்ளின் லூர்துமாதா கோவிலுக்கு மாற்றப்பட்டது. 1975 அக்டோபர் 3-ந் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டம் அளித்தார். குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் பல தேசங்களில் அவரை மன்றாடுகிறார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை யாரென்று யாருக்கும் தெரியாது. பையில் பெயரும் விலாசமும் இல்லை; செபமாலையும் செபப் புத்தகமும்தான் இருந்தன. ஏழைக் கிழவன் ஒருவன் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். உடுப்பைக் களைந்தபோது உடம்பில் சங்கிலிகள் சுற்றியிருந்தன. தேவமாதாவுக்கு அடிமை என்பதன் அடையாளமாக அவர் ஒருவருக்கும் தெரியாமல் அணிந்திருந்தவை. பெயரில்லாத அந்த உடல் பிணவறையில் கிடந்தது. அண்ணன் வீடு திரும்பவில்லையே என்று தேடிக்கொண்டு வந்த சகோதரிதான் அது யார் என்று சொன்னாள்.